நிறைய இருக்கு

"ஒரே ஒரு பழந்தானாம். காலையிலேர்ந்து பிழியறாளாம். இன்னும் சக்கையாகலையாம்."

"எங்க வீட்டுக்கு வர்றது வாங்கிட்டு வரும்போதே சக்கையாத்தாண்டி இருக்குது."

மாவு மில்லில் கேழ்வரகை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது, இயந்திரம் ஓய்ந்த ஒரு சின்ன இடைவெளியில் இது என் காதில் விழுந்தது. பேசிய இரண்டு பெண்களையும் எனக்குத் தெரியாது. யாரைப் பற்றி என்று கேட்கலாமா என்று நான் வாயைத் திறக்க யோசித்துக்கொண்டிருந்தபோதே மில் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து படியேறும்போது செருப்பு ஒவ்வொரு படியிலும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. மூன்றாவது படியிலிருந்து இரண்டாம் மாடி வரைக்கும் எறும்புகள் அவசரமே இல்லாமல் ஒரே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவை எங்கள் எதிர்வீட்டுக் கதவிடுக்கில் நுழைவதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்கள் பூங்கோதை அக்காவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அது வேலூரில் கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம். மாசிலாமணி நகர் சி பிளாக்கில் எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே, ஒரு கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் இருந்தன. அதனால் அந்த வீட்டில் நடந்ததை நான் ஒளிந்திருந்து பார்த்ததாக யாரும் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவ நின்றாலே எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அக்காவின் கணவர் தணிகாசலம் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவர். சித்திரை மாதம் மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டார். பழச்சாறு கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் ஜூஸர் கிடையாது. மிக்ஸி உண்டு, ஆனால் மிக்ஸியில் போட்டால் கொட்டை உடைந்து கசப்பு இறங்கிவிடும், அந்த மனிதருக்கு எள்ளளவு கசப்பும் ஆகாது. அதனால் அக்கா கையால்தான் பிழிவாள்.

அவள் பிழிவதற்கு ஒரு முறை இருந்தது. சாத்துக்குடியை மேடைமேல் வைத்து, உள்ளே சுளைகள் உடைந்து பழம் தளர்ந்து கொடுக்கிறவரைக்கும் உள்ளங்கையால் உருட்டுவாள். நெடுக வெட்டினால் பாதிச் சாறு தோலோடு நின்றுவிடும் என்று குறுக்கே வெட்டுவாள். கரண்டிக் காம்பை நடுவில் குத்தி இரண்டு திருகு திருகி, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, அதற்குள் அரைப் பழத்தை வைத்துச் சுருட்டி முறுக்குவாள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படாமல், வெள்ளைத் தோலின் கசப்பு இறங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுவாள். ஒரு கல் உப்பு போட்டு உடனே குடிக்கக் கொடுத்துவிடுவாள். தாமதித்தால் அதுவும் கசக்கும்.

அந்தப் புதன்கிழமை காலை பையில் இருந்தது கடைசிப் பழம். அதிலும் அவள் கையில் இருந்தது கடைசிப் பாதி. கட்டிலில் இருந்தபடியே தணிகாசலம், "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

நோயாளி இருக்கிற வீட்டில் இல்லை என்றோ தீர்ந்துவிட்டது என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். நோயாளி இல்லாத வீட்டிலேயே நாங்கள் சொல்வதில்லை. அரிசிப் பானை காலியானால் "அரிசி நிறைய இருக்கு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்றுதான் என் அம்மா அப்பாவுக்குப் போன் செய்வாள். அப்பாவும் அதில் ஒரு குழப்பமும் இல்லாமல் வாங்கிக்கொண்டு வருவார். பூங்கோதை அக்காவும் அப்படித்தான் வாய்ப்பழக்கத்தில், "நிறைய இருக்கு" என்றாள்.

பழம் வெளிமாநிலத்துப் பழம். லாரியில் எத்தனையோ ஊர் தாண்டி வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் பழக்கமில்லை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டது.

டம்ளர் நிறைந்தது. இன்னொரு டம்ளரும் சொம்பும் நிறைந்தன. சாம்பாருக்கு எடுத்து வைத்திருந்த குண்டானும் நிறைந்தது. அக்கா இதற்காக ஒன்றும் திகைத்து நிற்கவில்லை, அவளுக்கு அன்று போர்வைகள் துவைக்க வேண்டியிருந்தது. அரைப் பழத்தைத் துணியோடு ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டுப் போனாள். மொட்டைமாடியில் மூன்று போர்வைகளைக் காயப்போட்டுவிட்டு இறங்கியபோது, சாறு கிண்ணத்தைத் தாண்டி மேடையைத் தாண்டி வாசலைத் தாண்டி அவளுக்கு எதிரே படியேற வந்தவர்களின் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவள் கீழ்வீட்டு ரெஜினா அக்கா. அவள் வீட்டு வாசலில் போட்ட மிதியடி நனைந்ததால் சண்டை போடத்தான் ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"சக்கர போட்டியா?"

"இல்லக்கா."

"போடாதே. அதுவே இனிப்பா இருக்குது. இரு, சொம்பு எடுத்துட்டு வரேன்."

அவ்வளவுதான். இது எப்படி என்று அன்று யாரும் கேட்கவில்லை. இதைப் பிழிந்த பிறகு எவ்வளவு நேரம் வைக்கலாம், பானையில் ஊற்றினால் குளிருமா, சளி பிடித்த குழந்தைக்கு மிளகு தட்டிப் போட்டுக் கொடுக்கலாமா என்பதுதான் அன்று சாயங்காலம் வரை எங்கள் பிளாக்கில் ஓடிய பேச்சு.

மறுநாள் ஒரு விஷயம் தெரிந்தது. பிழிந்துகொண்டிருந்தால் பழம் அடங்கி இருந்தது. காலையில் மூன்று மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும் பிழிந்தால் மற்ற நேரத்தில் கிண்ணத்தில் சமர்த்தாகக் கிடந்தது. பிழியாமல் விட்டால் தானாக ஒழுகியது. அதுவும் பூங்கோதை அக்கா பிழிந்தால் மட்டும். ரெஜினா அக்கா பிழிந்து பார்த்தாள், கார்க் மூடிபோல் காய்ந்து நின்றது. என் அம்மாவுக்கு ஒரு கொட்டை விழுந்தது. காலனிச் செயலாளர் ஏகாம்பரம் சார், நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து இழுத்த கை என்று சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்து முறுக்கினார். துணிதான் கிழிந்தது. ரெஜினா அக்கா தன் மிக்ஸியில் போட்டு மூன்று சுற்று விட்டாள். அது எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று முழுசாக வெளியே வந்தது. வேறு கை பட்ட நாள்களில் கோபித்துக்கொண்டு இரட்டிப்பாக ஒழுகியது.

மூன்றாம் நாளுக்குள் அது எங்கள் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதுதான் பெரிய தொல்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி "போதும்" என்று சொன்னால் ஊற்றுகிறவர் நிறுத்தக் கூடாது. ஊற்றத் தொடங்கியதுமே "போதும் போதும்" என்பது குடிக்கிறவர் மரியாதை, அதைக் காதில் வாங்காமல் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றுவது கொடுக்கிறவர் மரியாதை. டம்ளர் நீட்டியவர்கள் எல்லாரும் "போதும்மா, போதும்மா" என்றுகொண்டே டம்ளரை நகர்த்தாமல் பிடித்திருந்ததைப் பழம் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அக்கா மணிக்கட்டு வலித்து, "போதும்" என்று அதனிடம் சொன்னபோதெல்லாம் அது இன்னும் வேகமாக ஊற்றியது.

காலனி சீக்கிரமே ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஏகாம்பரம் சார் படிக்கட்டில் கயிறு கட்டி ஏறுகிறவர்களுக்கு ஒரு பக்கமும் இறங்குகிறவர்களுக்கு ஒரு பக்கமும் பிரித்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதாலும் நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்பதாலும் அறிவிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. "சாறு நேரம்: காலை 6 முதல் 9 வரை. மாலை 4 முதல் 6 வரை. அவரவர் பாத்திரம் கொண்டு வரவும். கொட்டை விழுந்தால் குறை கூறக் கூடாது." ஏ பிளாக் கல்யாணத்தில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தது அந்தச் சாறு. பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகம் அந்தச் சாறு. குழாயடிச் சண்டைகூடக் குறைந்தது, ஏனென்றால் சண்டைக்காரர்கள் எல்லாரும் மாடிப்படியில் நின்றார்கள். எங்கள் உதடுகள் எந்நேரமும் பிசுபிசுத்தன. துவைத்த துணியில் தேனீ உட்கார்ந்தது. வெறும் சாத்துக்குடி அலுத்துப் போனவர்கள் இஞ்சியைத் துருவிப் பிழிந்து சேர்த்தார்கள். தர்பூசணியை மத்தால் கடைந்து வடிகட்டிச் சேர்த்தார்கள். மாதுளை முத்துகளைக் கவரில் போட்டுக் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி, மூலையில் ஓட்டை போட்டுச் சாற்றைக் கறந்தார்கள். ஜூஸர் வாங்க வேண்டும் என்று பல வருடமாகப் புருஷனிடம் சண்டை போட்ட பெண்களெல்லாம் அந்தச் சண்டையை விட்டுவிட்டு வேறு சண்டைக்குப் போனார்கள்.

நின்ற இடத்தில் நின்றவள் பூங்கோதை அக்கா மட்டும்தான். அவள் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி வெளுத்தன, நகக்கண்கள் புளிப்பில் எரிந்தன. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் ஆயிற்று. பிழியாத நேரத்திலும் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள், மறுபடி தூக்கிப் பார்த்தாள். சாதம் வடிக்கும்போது கஞ்சித் தட்டைத் துணிபோல் முறுக்கப் போனதை நானே பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் பதிவுத் தபாலில் அவளுக்கு ஓர் உத்தரவு வந்தது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துப் பதினான்கு வருடம், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எழுதிய பரீட்சைகளில் கடைசியாக எழுதியது பலித்து, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. வருகிற திங்கட்கிழமை மாலைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு செல்லாது. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்ப வேண்டும். சேதி பரவியதும் காலனி முழுக்கப் படியேறி வந்து அவளை வாழ்த்தியது. வாழ்த்த வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, டம்ளர் கொண்டு வந்திருந்தார்கள். தன் வேலைக்கான சாற்றை அவளே நின்று எல்லாருக்கும் பிழிந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார்கள். பூங்கோதை அக்கா ஓரமாக நின்றாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"நல்ல விஷயம்தாம்மா. யாரும் வேணாம்னு சொல்லல," என்றார் ஏகாம்பரம் சார். "ஆனா நீ போய்ட்டா அது ஒழுகும். சி பிளாக் அஸ்திவாரம் தாங்காது."

"ஏன் சார், அவ வேலைக்குப் போறா, நீங்க அஸ்திவாரத்துக்குப் போறீங்க," என்றாள் ரெஜினா அக்கா.

"உங்க வீடு தரைத்தளம் ரெஜினாம்மா. மொதல்ல மிதக்கப்போறது உங்க கட்டில்தான்."

ரெஜினா அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு திரும்பி, "ஏண்டி பூங்கோதை, ஒரு மாசம் தள்ளிக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்றாள்.

"குடுக்க மாட்டாங்கக்கா."

"கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன்."

ஆற்றில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பாலாற்றில் தண்ணீர் வந்தால் நல்லதுதானே என்றார் இன்னொருவர். "நிறைய இருக்கு"ன்னு சொல்லி வந்ததை வெளியே எறியறதா என்று நாலைந்து பெண்கள் ஒரே குரலில் சத்தம் போட்டதும் அந்தப் பேச்சு நின்றது. அப்போது என் அம்மா, எதையும் கூட்டத்தில் பேசாத என் அம்மா, "சொன்னதாலதானே வந்துச்சு. தீந்துடுச்சுன்னு சொல்லிட்டா போயிடாதா?" என்று கேட்டாள்.

தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"சீக்காளி படுத்திருக்கிற வீட்டுல சொல்ற சொல்லா அது?" என்றார் ஏகாம்பரம் சார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அது எதை எடுத்துக்கும்னு யார் கண்டது? பழத்தோட நிறுத்திக்குமா?"

எல்லாரும் இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். ஆக, தணிகாசலம் எழுந்து நடமாடுகிறவரை அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. சொல்லாமல் பழம் நிற்காது. பழம் நிற்காமல் அவள் கிளம்ப முடியாது. நாங்கள் எல்லாரும் இதை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு, மணி நாலு ஆகிவிட்டதால், வரிசைக்குப் போனோம்.

தணிகாசலம் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார் என்பது எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, காலனியே வெயிலுக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தபோது, அக்கா மொட்டைமாடியில் வற்றலைப் புரட்டப் போயிருந்தபோது, நான் ஜன்னலோரம் டபரா கழுவிக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னலில் அவர் வந்து நின்றார். அடுப்புக்குக் கீழே ஏதோ உருண்டுபோயிருக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கி நகர்த்தி வைத்து, குனிந்து எடுத்து, சிலிண்டரை மறுபடி இருந்த இடத்தில் வைத்தார். டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்து நின்றபடியே கடித்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். அவர் கண்ணின் வெள்ளை பால் மாதிரி இருந்தது. மஞ்சள் என்று சொல்ல ஒரு துளிகூட இல்லை. மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் உள்ளே போய்ப் படுத்து ஈரத்துண்டை எடுத்துக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலமும் என் டம்ளரோடு வரிசையில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் பேசியது கேட்டது. அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்தாள், பிரித்ததை மடித்தாள், அது ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

"தேன்கனிக்கோட்டைல குளிருமாமே," என்றார் அவர் உள்ளேயிருந்து.

"சொட்டர் எடுத்துக்கறேன்."

"அந்தப் பக்கம் யானை வருமாம்."

"ஸ்கூல் லேபுக்கு வராது."

அக்கா கையிலிருந்த சேலையை வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"எப்படி இருக்குது உங்களுக்கு?"

"அசதிதான். எழுந்தா கிறுகிறுன்னு வருது."

"ஒரு வாரமாவே இதத்தான் சொல்றீங்க."

"இருக்கிறதத்தானே சொல்ல முடியும். நீ கெளம்பு, பூங்கோதை. நான் பாத்துக்கறேன். இல்லன்னா இந்த ஜனம் பாத்துக்கும்."

"நீங்க வேணாம்னு சொன்னா போகலங்க. வாயத் தெறந்து சொல்லிடுங்க."

"நான் எப்ப வேணாம்னேன்?"

"வேணும்னும் சொல்லலியே."

"போன்னுதானே சொல்றேன்."

"படுத்துக்கிட்டு சொல்றீங்க."

அக்கா பெட்டியை மூடினாள். அதன் பூட்டு விழவில்லை. மறுபடி திறந்து சொட்டரை எடுத்து வெளியே வைத்தாள், யோசித்து அதையே மறுபடி உள்ளே திணித்தாள். பிறகு சமையலறைக்கு வந்து, நேரமே ஆகாதபோதும், கிண்ணத்தைத் திறந்து பிழிய ஆரம்பித்தாள். டம்ளர் வைக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே விட்டாள்.

திங்கட்கிழமை ஓசூர் பஸ் ஆறேகாலுக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும். அதைவிட்டால் அடுத்தது பத்து மணிக்கு. அது போய்ச் சேர்ந்து மாறிப் போவதற்குள் ஆபீஸ் மூடிவிடும். "ஆறு மணிக்கு நான் இறங்கிடுவேன். அப்புறம் அது பாட்டுக்கு ஒழுகட்டும்," என்று அக்கா முன்தினமே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதில் முதல் பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. ஒழுகப்போகிறது என்றால் ஒழுகுவதற்கு முன்னால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா. விடிகாலையிலேயே படிக்கட்டு நிறைந்துவிட்டது. அன்று யாரும் டம்ளர் கொண்டு வரவில்லை. குடம், வாளி, பிளாஸ்டிக் டிரம், கல்யாணத்துக்குச் சோறாக்கும் அண்டா எல்லாம் வந்திருந்தன. ஏகாம்பரம் சார் மொட்டைமாடித் தொட்டிவரை போகிற மாதிரி ஒரு ஹோஸ் பைப்பே கொண்டுவந்திருந்தார். நான் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்திருந்தேன்.

அக்கா பச்சை நிறப் பருத்திச் சேலையை மடிப்பு வைத்துப் பின் குத்தியிருந்தாள். பெட்டியும் பையும் வாசலில் தயாராக இருந்தன. சேலைமேல் படாமலிருக்க ஒரு பழைய துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நின்றபடி பிழிந்தாள்.

"போய்ட்டு வா தாயி, நல்லா இருப்ப," என்று சொல்லி ஒருவர் வாளியை வைத்தார்.

"சனிக்கிழமை வந்துடுவ இல்ல?" என்று கேட்டு ஒருவர் டிரம்மை வைத்தார்.

ரெஜினா அக்கா நிஜமாகவே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு கொடம் மட்டும் ரொப்பிட்டுப் போடி. உன் நெனப்பா வச்சிருப்பேன்," என்றாள்.

"கொடத்த நெனப்பா வெச்சிருப்பியா, ஜூஸையா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரிப்பு படிப்படியாக இறங்கிக் கீழ்வாசல்வரை போயிற்று.

ஐந்தே முக்கால். ஐந்து ஐம்பது. குடம் பாதி நிறைந்திருந்தது. பாதிக் குடத்தோடு ஒருத்தியை அனுப்ப முடியாது. அதை முழுசாக்குவதற்குள் அடுத்தவர் பாத்திரத்தை வைத்துவிடுகிறார், அதில் நாலு சொட்டு விழுந்ததும் அதுவும் பாதிப் பாத்திரமாகிவிடுகிறது. அக்கா முறுக்கினாள், உதறினாள், மாற்றி முறுக்கினாள். "போதும்," என்றாள் பழத்திடம். அது பொங்கியது. "போதும்," என்றாள் எங்களிடம். நாங்கள் பாத்திரங்களை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினோம். ஆறு. ஆறு ஐந்து. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கைகள் நிற்கவில்லை. பிறகு தலையைத் திருப்பி உள்ளே கட்டிலைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமல் அப்படியே பிழிந்துகொண்டிருந்தாள். உதடு பிரிந்து ஏதோ ஒரு சொல் தொடங்கியது, தொடங்கிய இடத்திலேயே அதை விழுங்கினாள்.

தணிகாசலம் கண்ணிலிருந்து துண்டை எடுத்தார். எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல் நடந்து வாசலுக்கு வந்தார்.

"பாத்து சார், பாத்து. மயக்கம் வந்துடப்போகுது," என்று ரெஜினா அக்கா கையை நீட்டினாள்.

அவர் பூங்கோதை அக்காவின் முன்னால் வலது கையை நீட்டினார். குடிக்கக் கேட்கிறார் என்று அவள் டம்ளரைத் தேடினாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கையிலிருந்த துணியை வாங்கிப் பிரித்து, அரைப் பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உங்க கைக்கு வராது தணிகாசலம். நாங்க எல்லாரும் பாத்தாச்சு," என்றார் ஏகாம்பரம் சார்.

தணிகாசலம் நிலைப்படியில் உட்கார்ந்து, பழத்தைத் தோலோடு கடித்தார்.

சாறு அவர் வாயோரங்களில் வழிந்து தாடையிலிருந்து பனியனில் இறங்கி முழங்கையிலிருந்து படிக்கட்டில் கொட்டியது. அவர் வாயை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். மறுபடி கடித்தார். ஏகாம்பரம் சார் "யோவ், யோவ்" என்றார். யாரோ ஓடிவந்து வழிவதற்குக் கீழே ஒரு வாளியைத் தள்ளினார்கள். அவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு மென்றார். கொட்டைகள் ஒவ்வொன்றாக அவர் பல்லுக்கு இடையில் உடைகிற சத்தம் கீழ்வீடுவரை கேட்டிருக்கும். அவர் முகம் கோணியது, கண்ணில் நீர் வந்தது, தோள் இரண்டு முறை உலுக்கிப் போட்டது, குமட்டி வந்ததைக் கையால் பொத்தி உள்ளேயே தள்ளினார். வெள்ளைத் தோல், நார், சக்கை, மஞ்சள் தோல் என்று மென்று மென்று விழுங்கினார். வழிவது மெலிந்து கோடாயிற்று, பிறகு சொட்டாயிற்று, பிறகு தாடையில் காய்ந்தது. கடைசித் துண்டு நகம் அளவு இருந்தது. அதை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, முழுங்கிவிட்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

யார் பாத்திரமும் அசையவில்லை.

அவர் எழுந்து வேட்டித் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மணி ஆறு பத்து. செருப்ப மாட்டு," என்றார் அக்காவிடம். அவள் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துக் கீழே போட்டாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தலைமேல் வைத்து, குடங்களுக்கும் வாளிகளுக்கும் நடுவே வழி விலக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்.